நடுவர் எந்தப் பக்கம்?

2020 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழில் ஒரு செய்தி வந்தது. பா.ஜ.க.வைச் சேர்ந்த சிலர் போட்ட வெறுப்புப் பதிவுகள் மீது ஃபேஸ்புக் தன் சொந்த விதிப்படி நடவடிக்கை எடுப்பதை அந்நிறுவனத்தின் இந்திய அதிகாரி ஒருவரே எதிர்த்தார், வியாபாரம் கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார் என்பது செய்தியின் சாரம். நான்கு நாள் கழித்து காங்கிரஸ் பொதுச்செயலாளர் கே.சி. வேணுகோபால் ஃபேஸ்புக் தலைவர் மார்க் சக்கர்பெர்க்குக்குக் கடிதம் எழுதினார். ஃபேஸ்புக் ஆளுங்கட்சிக்குச் சாதகமாக நடக்கிறது, விசாரணை வேண்டும் என்றது அந்தக் கடிதம். செப்டம்பர் 1 அன்று மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அதே சக்கர்பெர்க்குக்கு இன்னொரு கடிதம் எழுதினார். 2019 தேர்தலுக்கு முன்பு வலதுசாரி ஆதரவுப் பக்கங்கள் திட்டமிட்டு நீக்கப்பட்டன, பல பக்கங்கள் மக்களைச் சென்றடையாதபடி அமுக்கப்பட்டன என்பது அவர் புகார்.

மறுநாள், செப்டம்பர் 2 அன்று, தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு முன் ஃபேஸ்புக்கின் இந்தியத் தலைவர் வந்து உட்கார்ந்தார். குழுவின் தலைவர் சசி தரூர். உறுப்பினர்களில் ஒருவர் எங்கள் சிவகங்கைத் தொகுதியின் எம்.பி. கார்த்தி சிதம்பரம். இரு தரப்பு உறுப்பினர்களும் ஒரே மனிதரைப் பார்த்து ஒரே கேள்வியை எதிரெதிர் திசையிலிருந்து கேட்டார்கள்: ஏன் அவர்கள் பக்கம் சாய்கிறீர்கள்?

அதற்கு முந்தைய ஆண்டு இதே குழுவுக்கு அனுராக் தாக்கூர் தலைவராக இருந்தபோது, ட்விட்டர் வலதுசாரிக் குரல்களை ஒடுக்குகிறது என்ற புகாரின்பேரில் அந்நிறுவனத்தைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தலைவர் மாறினார், நிறுவனம் மாறியது, புகாரின் வடிவம் மட்டும் மாறவில்லை.

இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். அப்படி இருக்கத் தேவையில்லை என்று 70 ஆண்டுகளாக உளவியல் ஆய்வுகள் காட்டி வருகின்றன. மனித மூளை பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் இவ்வளவு வியப்பூட்டுவது வேறொன்றில்லை.

1951 நவம்பரில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் கல்லூரிகளுக்கு இடையே ஒரு கால்பந்தாட்டம். அவர்கள் ஊர் முறைப்படி கையாலும் தூக்கி ஓடும் முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மவுத் வீரர் ஒருவருக்குக் கால் உடைந்தது. இரண்டு கல்லூரிப் பத்திரிகைகளும் எதிராளியைத் திட்டித் தீர்த்தன. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹேட்லி கான்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த தவறுகள் என்று டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியது சராசரியாக 4.3. அதே படத்தில் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது 9.8.

சிவகங்கைச் சீமையில் வடமாடு மஞ்சுவிரட்டு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நடுவில் நீண்ட வடத்தில் கட்டிய காளை, சுற்றி ஒன்பது பேர் கொண்ட அணி, குறித்த நேரத்துக்குள் காளையை அடக்க வேண்டும். திமிலை விட்டுவிட்டார்களா, நேரம் முடிந்ததா என்று விழாக் குழு தீர்ப்புச் சொல்லும் அந்த நொடியில், மாட்டுக்காரர் ஊரும் மாடுபிடிகாரர் ஊரும் சத்தியமாகவே வெவ்வேறு காட்சியைக் கண்டிருப்பார்கள். யாரும் பொய் சொல்வதில்லை. பார்த்ததைத்தான் சொல்கிறார்கள்.

ஆட்டத்தில் இப்படியென்றால் செய்தியில்? 1982-இல் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகள் கொல்லப்பட்ட படுகொலை பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 144 மாணவர்களுக்குக் காட்டினார்கள் ராபர்ட் வலோன், லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும். ஆய்வு 1985-இல் வெளிவந்தது. இஸ்ரேல் ஆதரவாளர்கள் அந்தச் செய்திகள் இஸ்ரேலுக்கு எதிரானவை என்றார்கள். அரபு ஆதரவாளர்கள் அதே செய்திகளை இஸ்ரேலுக்குச் சாதகமானவை என்றார்கள். பொதுவான பார்வையாளர்கள் இதைப் பார்த்தால் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று கேட்டபோதும், ‘எங்களுக்கு எதிராகத்தான்’ என்றார்கள் இரு தரப்பும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு: விஷயம் அதிகம் தெரிந்தவர்களுக்கே பாரபட்சம் அதிகமாகத் தெரிந்தது. படித்தால் தெளிந்துவிடும் என்று நாம் நம்பி வந்ததற்கு நேர் எதிர். தெரிந்தவருக்கு, விடுபட்டது என்னென்ன என்பதும் தெரியும். தன் பக்கத்தில் விடுபட்டது ஒவ்வொன்றும் அவர் கண்ணில் உறுத்தும்.

உள்ளே என்ன நடக்கிறது? எதிர்க் கருத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம் என்று முதலில் நினைத்தார்கள். 2004-இல் காத்லீன் ஷ்மிட், ஆல்பர்ட் குந்தர் முதலியோர் இதைப் பிரித்துப் பார்த்தபோது, வேறொன்று வலுவாகத் தெரிந்தது. இரு தரப்பும் ஒரே வாக்கியங்களைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள், ஆனால் வகைப்படுத்துவது வேறாகிறது. எங்கள் மாவட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். 2017-இல் கீழடி அகழாய்வை நடத்திவந்த தொல்லியல் கண்காணிப்பாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா அசாமுக்கு மாற்றப்பட்டார். வழக்கமான இடமாற்றம்தான் என்றது மத்திய அரசுத் தரப்பு. ‘அமர்நாத் இடமாற்றம் வழக்கமானது: அரசுத் தரப்பு விளக்கம்’ என்று ஒரு தலைப்பு வைத்துக்கொள்வோம். அரசின் மீது சந்தேகம் கொண்டவருக்கு இது அரசின் கூற்றுக்கு மேடை போட்டுக் கொடுத்த தலைப்பு. அரசை ஆதரிப்பவருக்கு, ஒரு சாதாரண மாறுதலைத் தலைப்புச் செய்தியாக்கிச் சந்தேகத்தைக் கிளப்பும் தலைப்பு. சொற்கள் அதே. நடுவில் நிற்கும் வாக்கியங்களையெல்லாம் இருவரும் எதிரி கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

குந்தரும் ஷ்மிட்டும் அதே ஆண்டு செய்த இன்னொரு சோதனையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். மரபணு மாற்றிய உணவு பற்றி ஒரு கட்டுரை. அதைச் சிலருக்கு நாளிதழில் வந்ததுபோல அச்சிட்டுக் கொடுத்தார்கள், சிலருக்கு ஒரு கல்லூரி மாணவர் எழுதிய கட்டுரை என்று கொடுத்தார்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். நாளிதழாகப் படித்த ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் ‘நமக்கு எதிரானது’ என்றார்கள். மாணவர் கட்டுரையாகப் படித்தவர்களிடம் அந்தப் பகையுணர்வு காணாமல் போயிற்று. ஆக, எழுத்தைவிட அது எத்தனை பேரைச் சென்றடையும் என்ற நினைப்புத்தான் நம்மைச் சுடுகிறது. ‘இதைப் படிக்கும் ஊரார் ஏமாந்துவிடுவார்களே’ என்ற கவலை கண்ணாடிபோல் குறுக்கே வந்து நிற்கிறது.

காரைக்குடியின் பழைய பத்திரிகைகளை நினைத்தால் இது இன்னும் புரியும். 1920-களில் இந்த ஊரிலிருந்து ராய. சொக்கலிங்கம் ‘ஊழியன்’ நடத்தினார், சொ. முருகப்பா ‘குமரன்’ நடத்தினார். முன்னவர் காந்தி பக்தர், பின்னவர் விதவை மறுமணத்துக்காகவும் சமூகச் சீர்திருத்தத்துக்காகவும் நின்றவர். புதுமைப்பித்தன்கூடச் சிறிது காலம் ‘ஊழியன்’ வேலையில் இருந்தார். எதை அச்சில் ஏற்றுவது, எதைக் குப்பையில் போடுவது என்று ஆசிரியர் முடிவு செய்தார், அவர் யார் பக்கம் என்று வாசகருக்குத் தெரியும். பிடிக்காதவர் வேறு பத்திரிகை வாங்கினார். கோடிக்கணக்கானோர் ஒரே திரையைப் பார்க்க, ‘எங்களுக்குப் பக்கமே கிடையாது, மக்கள் ஓட்டும் கணக்கும்தான் முடிவு செய்கின்றன’ என்று ஒரு நிறுவனம் சொல்லும்போதுதான் சந்தேகம் ஊருக்கே பொதுவாகிறது.

ஓட்டும் கணக்கும் முடிவு செய்கின்றன என்பது எந்த அளவுக்கு உண்மை என்று இனிப் பார்ப்போம்.

2019 ஜனவரி 27 அன்று மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப் பிரதமர் மோடி வந்தார். அன்று ட்விட்டரில் ‘கோபேக்மோடி’ ஹேஷ்டேக் உலக அளவில் மேலே வந்தது. ‘டிஎன்வெல்கம்ஸ்மோடி’, ‘மதுரைதேங்க்ஸ்மோடி’ என்று எதிர் ஹேஷ்டேகுகளும் ஏறின. மேலே எது, கீழே எது என்று காரைக்குடி டீக்கடை வரை வாக்குவாதம். எங்களுடையதை அமுக்குகிறார்கள் என்று ஒரு பக்கம், அவர்களுடையதைப் பணம் கொடுத்து ஏற்றுகிறார்கள் என்று மறுபக்கம்.

ட்விட்டரின் ட்ரெண்டிங் பட்டியல் மொத்த எண்ணிக்கையின் பட்டியல் அல்ல. வேகத்தின் பட்டியல். 2010 டிசம்பரில் விக்கிலீக்ஸ் பற்றி உலகமே பேசியும் ட்ரெண்டிங் பட்டியலில் அது வரவில்லை என்று தணிக்கைக் குற்றச்சாட்டு எழுந்தபோதே ட்விட்டர் இதை விளக்கியது: அதிகம் பேசப்படுவதை நாங்கள் காட்டுவதில்லை, திடீரென்று அதிகமாகப் பேசப்படுவதைக் காட்டுகிறோம். நாள் முழுக்க ஒரே சீராகப் பேசப்படும் பெரிய விஷயம் பட்டியலை விட்டு இறங்கிவிடும். நேற்று யாருமே பேசாத சின்ன விஷயம் ஒரு மணி நேரத்தில் பொங்கினால் ஏறிவிடும். இந்த விதி எந்தக் கட்சிக்கும் சாதகமில்லை. ஆனால் உள்ளே நடப்பதைப் பார்க்க முடியாமல் வெளியே நின்று பார்ப்பவருக்கு, உச்சத்திலிருந்த தன் ஹேஷ்டேக் மதியம் காணாமல் போவது யாரோ பிடுங்கியதுபோலவே இருக்கும்.

ஓட்டுப் போட்டுச் செய்தியை மேலேற்றும் தளங்களிலும் இதே கதைதான். ரெட்டிட் தன் மென்பொருளைப் பல ஆண்டுகள் திறந்து வைத்திருந்ததால் அதன் பழைய சூத்திரத்தை யாரும் படிக்கலாம். மேலேற்றும் ஓட்டிலிருந்து கீழிறக்கும் ஓட்டைக் கழித்து, அதன் மடக்கையை எடுப்பார்கள். 10 ஓட்டுக்கு 1 புள்ளி, 100 ஓட்டுக்கு 2, 1,000 ஓட்டுக்கு 3. முதல் 10 ஓட்டு தரும் பலமும் அடுத்த 90 ஓட்டு தரும் பலமும் ஒன்றே. நேரத்துக்கும் விலை உண்டு. 45,000 வினாடி, அதாவது பன்னிரண்டரை மணி நேரம், ஒரு புள்ளிக்குச் சமம். காலையில் வந்த பதிவு இரவில் வந்த புதுப் பதிவுக்கு இணையாக நிற்க வேண்டுமானால் பத்து மடங்கு ஓட்டு வாங்கியிருக்க வேண்டும். பழையது கீழே போகட்டும், புதியது மேலே வரட்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுதிய கணக்குத்தான். ஆனால் விளைவு என்ன? பதிவு போட்ட முதல் சில நிமிடங்களில் அங்கே விழித்திருக்கும் பத்துப் பேர் அதன் தலையெழுத்தை எழுதிவிடுகிறார்கள்.

அந்தப் பத்துப் பேரின் பலம் எவ்வளவு என்று லெவ் முச்னிக், சினான் அரல், ஷான் டெய்லர் மூவரும் அளந்தார்கள். ஒரு செய்தித் தளத்தில் ஐந்து மாதங்களில் வந்த 1,01,281 கருத்துகளை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றுக்குக் குலுக்கல் முறையில், பதிந்த உடனே ஒரே ஒரு போலி ஆதரவு ஓட்டுப் போட்டார்கள். சிலவற்றுக்கு ஒரே ஒரு எதிர் ஓட்டு. மற்றவற்றைத் தொடவில்லை. 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வந்தது. அந்த ஒற்றை ஆதரவு ஓட்டைப் பார்த்த முதல் ஆள் தானும் ஆதரவு ஓட்டுப் போடும் வாய்ப்பு 32 விழுக்காடு கூடியது. கடைசிக் கணக்கில் மதிப்பெண் சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. எதிர் ஓட்டு மட்டும் அப்படிப் பரவவில்லை. யாரோ அநியாயமாக இறக்கிவிட்டார்கள் என்று எண்ணியவர்கள் ஆதரவு ஓட்டுப் போட்டு அதைச் சரிக்கட்டிவிட்டார்கள். இந்த மந்தைப் போக்கு எல்லாத் தலைப்பிலும் இல்லை. அரசியல் தலைப்பில் இருந்தது. பொருளாதாரத்தில் இல்லை.

ஒரு ஓட்டுக்கே இவ்வளவு என்றால், அமைப்பாகச் சேர்ந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ‘டிக்’ என்ற தளத்தில் வலதுசாரிகளின் ஒரு குழு கூட்டாகச் சேர்ந்து, தங்களுக்குப் பிடிக்காத செய்திகளை முளையிலேயே புதைத்து வந்ததாக 2010-இல் அம்பலமானது. மோடியின் தமிழ்நாட்டு வருகையையொட்டிய ஆதரவு, எதிர்ப்பு ஹேஷ்டேகுகளை 2019-இல் ஆராய்ந்த அட்லாண்டிக் கவுன்சில் என்ற அமெரிக்க அமைப்பின் ஆய்வுக்கூடம், இரண்டு பக்கமுமே சில கணக்குகளிலிருந்து அசுர வேகத்தில் பதிவுகள் கொட்டப்பட்டதைக் கண்டது. மோடி ஆதரவுப் பக்கத்தில் அது கூடுதலாக இருந்தது. ஆக, தளம் நடுநிலையாகவே இருந்தாலும் ஓட்டு நடுநிலையாக வருவதில்லை.

நடுவரே சாய்ந்திருக்க மாட்டாரா? சாய்ந்திருப்பார், அதற்கும் ஆதாரம் உண்டு. ரெட்டிட்டின் பிரிவுகளைக் காவல் காப்பவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். அமெரிக்க நகரப் பிரிவுகளை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் ஹுவாங் குழுவினர் ஆராய்ந்து 2024-இல் சொன்னது: காவலரின் அரசியலுக்கு எதிரான கருத்துகளே கூடுதலாக நீக்கப்படுகின்றன. ட்விட்டர் தன்னையே ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவு இன்னும் அரியது. 2016 முதல் ஏறத்தாழ 20 லட்சம் கணக்குகளை அது கணினித் தேர்வு இல்லாத பழைய வரிசையிலேயே விட்டுவைத்திருந்தது. மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, ஏழு நாடுகளில் ஆறில் வலதுசாரி அரசியல்வாதிகளின் பதிவுகள் கூடுதலாகப் பெருக்கப்பட்டிருந்தன. ஜெர்மனி மட்டும் விலக்கு. ஏன் என்று நிறுவனத்துக்கே தெரியவில்லை, அதையும் சொன்னது. அந்த ஏழில் இந்தியா இல்லை.

வெறும் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 2020 அமெரிக்கத் தேர்தலின்போது ட்ரம்ப் ஆதரவு ஹேஷ்டேக் போட்டவர்களின் ட்விட்டர் கணக்குகள், பைடன் ஆதரவாளர்களின் கணக்குகளைவிட 4.4 மடங்கு அதிகமாக முடக்கப்பட்டன. பாரபட்சம்தானே? மொஹ்சென் மோஸ்லே குழுவினர் 9,000 கணக்குகளை எடுத்துப் பார்த்து 2024-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: தரமற்ற செய்திகளைப் பகிர்ந்ததிலும் அவர்கள் வெகுவாக முன்னே இருந்தார்கள். எது தரமற்றது என்பதைக் குடியரசுக் கட்சியினரை மட்டும் வைத்துத் தீர்மானித்தபோதும் இதே விடைதான் வந்தது. ஒரே விதியை எல்லோருக்கும் ஒரே மாதிரி போட்டாலும் எண்ணிக்கை இப்படிச் சாயலாம். பாரபட்சம் இல்லை என்று இது நிரூபிக்கவில்லை. எண்ணிக்கைச் சாய்வு ஒன்றே நிரூபணம் ஆகாது என்று காட்டுகிறது. இரு பக்கக் கட்சிக்காரர்களும் இந்த நுட்பத்தைத்தான் முதலில் கைவிடுகிறார்கள்.

நடுநிலையான நடுவரைத் தேடுவதே தவறான தேடல் என்பது என் எண்ணம். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் தருவது எங்கள் ஊர் அழகப்பா கல்லூரி வளாகம். சிவகங்கை மக்களவைத் தொகுதியின் ஓட்டு எண்ணிக்கை அண்மைத் தேர்தல்களில் அங்கேதான் நடக்கிறது. திருமயம், ஆலங்குடி, காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை ஆகிய ஆறு சட்டமன்றப் பகுதிகளின் இயந்திரங்களும் அங்கே வந்து சேரும். ஒரு பகுதிக்கு வழக்கமாக 14 மேசைகள். மேசைக்கும் கட்சி முகவர்களுக்கும் நடுவே கம்பிவலை. எந்த அலுவலருக்கு எந்த மேசை என்பது அன்று அதிகாலைதான் குலுக்கலில் முடிவாகும்.

கட்டுப்பாட்டுக் கருவியை மேசையில் வைத்ததும் முகவர்கள் முதலில் முத்திரையைப் பார்ப்பார்கள். ஓட்டுப்பதிவு நாளன்றே சாவடி அதிகாரி கையெழுத்திட்டு அவர்கள் கட்சிக்காரரிடம் கொடுத்த 17சி படிவத்தின் நகல் கையில் இருக்கும். அந்தச் சாவடியில் பதிவான மொத்த ஓட்டும், ஒட்டிய முத்திரைத் தாளின் வரிசை எண்ணும் அதில் உண்டு. அலுவலர் பொத்தானை அழுத்தி, திரையைக் கம்பிவலையின் பக்கம் திருப்பிக் காட்டுவார். வேட்பாளர் வாரியாக எண்கள் வர வர, முகவர்கள் தங்கள் தாளில் குறித்துக்கொள்வார்கள். கூட்டினால் 17சி-யில் உள்ள மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே குரல் எழும். 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் குலுக்கி எடுத்த ஐந்து சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகளையும் கையால் எண்ணிச் சரிபார்க்கிறார்கள்.

அந்த அறையில் யாரும் யாரையும் நம்புவதில்லை. நம்பச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை. 2009-இல் இதே தொகுதியில் ப. சிதம்பரம் 3,354 ஓட்டு வித்தியாசத்தில் ராஜ கண்ணப்பனை வென்றதாக அறிவிக்கப்பட்டபோது, எண்ணிக்கையில் தவறு நடந்தது என்பது உட்படப் பல குற்றச்சாட்டுகளோடு வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய்ப் பல ஆண்டு நடந்தது. மனக்குறை தீர்ந்ததா என்பது வேறு. எதை வைத்து வாதாடுவது என்பதற்குத் தாள் இருந்தது, கேட்க ஒரு மன்றம் இருந்தது.

ஃபேஸ்புக்கில், எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில், ரெட்டிட்டில் பதிவு நீக்கப்பட்டவர் கையில் 17சி போல எதுவும் இல்லை. ‘சமூக விதிகளை மீறியது’ என்று ஒரு வரி வரும். தன்னைப்போலவே எழுதிய எதிர்க்கட்சிக்காரரின் பதிவு நின்றதா, நீங்கியதா என்று ஒப்பிட அவருக்கு வழியில்லை. வழியில்லாத இடத்தில், ஹாஸ்டார்ஃப் காட்டிய அந்தக் கண்தான் வேலை செய்யும்.

இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் கொண்ட தளங்களை மாதந்தோறும் அறிக்கை தரச் சொல்கின்றன. வருவது இத்தனை புகார், இத்தனை நீக்கம் என்ற மொத்த எண்கள்தான். 2023 ஜனவரியில் மூன்று மேல்முறையீட்டுக் குழுக்கள் அமைந்தன. அவற்றின் உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு, அதாவது பல புகார்களில் தானே ஒரு தரப்பாக இருக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போயிற்று. 2023 செப்டம்பரில் அது ஒரு பொதுத் தரவுத்தளத்தைத் திறந்தது. பெரிய தளங்கள் அங்கே எடுக்கும் ஒவ்வொரு நீக்க முடிவையும், எந்த விதிப்படி, மனிதர் எடுத்ததா கணினி எடுத்ததா என்ற விவரத்தோடு அதில் போட்டாக வேண்டும். பதிவின் உள்ளடக்கம் அதில் இருக்காது, அதனால் அரசியல் சாய்வை அதிலிருந்து நேராகப் படித்துவிட முடியாது. ஆனாலும் முடிவுக்கு முடிவு ஒரு வரி இருக்கிறது, உலகில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். இங்கே மாதாந்திர மொத்தம் மட்டும் தருவதும் அதே நிறுவனங்கள்தான். ஐரோப்பா கேட்டது, கொடுத்தார்கள். நாம் இன்னும் கேட்கவில்லை.